போக ஒரு கார்டு, வர ஒரு கார்டு

குறை சொல்வதற்காகவே மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரைத் தட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்பாள் என் மனைவி. அவள் பேச்சிலும் ஒரு குறை உண்டு, அது இப்போது வேண்டாம். ஆபீசில் என் பெயர் நொட்டை. அதை வைத்தவர் எங்கள் டீம் லீடர். பதிலுக்கு நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கூறுக்காரி. அதெல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே அக்கா.

அந்தப் பெயர் அவர் காதுக்கு எட்ட ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தோம். "எங்கம்மா பேரைத்தானே எனக்கு வச்சிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அவர் அம்மா சந்தை மூலையில் சாக்கு விரித்துக் காய்கறி விற்றவர். பொழுது சாயும்போது மிஞ்சியதைக் கூறு போட்டு வைப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் தக்காளி ஒரு கூறு, வெங்காயம் ஒரு கூறு என்று குவிப்பார்கள். இந்த அம்மாவிடம் அந்தக் கதை இல்லை. ஒரே கூறில் இரண்டு தக்காளி, ஒரு வெங்காயம், ஒரு கைப்பிடி பீன்ஸ், கால் கோசு, ஒரு துண்டு இஞ்சி, நாலு பச்சை மிளகாய் எல்லாம் இருக்கும். வேலை முடிந்து களைத்து வருகிறவள் குனிந்து ஒரு கூறை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டால் போதும், அன்றைக்கு வேறு கடை ஏற வேண்டாம். சிறுமியாக இருந்தபோது கூறு கட்டுவது அக்காவின் வேலை. மிளகாய் வைக்க மறந்தால் முதுகில் ஒன்று விழும். "எடுத்துட்டுப் போறவ வீட்ல அடுப்பு எரியணும்டி. எரியலன்னா அது கூறு இல்ல, குப்பை."

அக்கா எங்களை வதைத்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான்.

எங்கள் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு பழைய பெயின்ட் வாளி. ஜன்னல் இல்லாத நீளச் சுவர் முழுக்க கார்டுகள் ஒட்டியிருக்கும். ஒரு கார்டு என்றால் ஒரு சின்ன வேலை. பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக வெட்டி, இரண்டு வாரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை மட்டும் எடுத்துச் செய்வோம். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். முடிவில், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களை உட்கார வைத்துச் செய்து காட்ட வேண்டும். இப்போது இதெல்லாம் திரைக்குள் போய்விட்டது. அப்போது சரியாக ஒட்டாத கார்டு தரையில் விழும். காலையில் பெருக்க வருகிற அம்மா இடம் காலியாக இருக்கிற பக்கம் பார்த்து அதை ஒட்டிவிட்டுப் போவார். ஒருமுறை நாங்கள் தொடவே தொடாத வேலை ஒன்று 'முடிந்தது' வரிசையில் இருந்தது. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுப் பாராட்டினார். யாரும் மறுக்கவில்லை. அந்த அறையை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது, வாளி உட்பட.

அந்த மேனேஜருக்கு முழுசு என்று பெயர். எதைக் காட்டினாலும், "இதெல்லாம் சரி, முழுசா எப்ப வரும்?" என்பார். சுவரில் 'சிறு துளி பெரு வெள்ளம்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியவரும் அவர்தான். அக்கா அதை நின்று படித்துவிட்டு, "வெள்ளம் வந்து என்ன சார் பண்றது? குடிக்க ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, போதும்," என்றார். மறுநாள் அந்தத் தாள் பெயின்ட் வாளிக்கு அடியில் கிடந்தது. யார் போட்டது என்று நான் விசாரிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரி வேலை வந்தது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் போய், மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அவர்களை வீட்டுக்கு வந்து கூட்டிப் போக ஆஸ்பத்திரியிடம் வேன்கள் இருந்தன. யாருக்கு எந்த வேன், எப்போது என்பதை நாலு பேர் போனில் கத்திக் கத்தித்தான் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அதைச் சரிசெய்ய எங்களுக்கு முன்னால் ஒரு டீம் ஒரு வருஷம் உழைத்திருந்தது. ஒருவர் வரைபடம் மட்டும் செய்தார், ஒருவர் டிரைவர் விவரம் மட்டும், ஒருவர் நோயாளி விவரம் மட்டும். தக்காளி ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம். வருஷக் கடைசியில் எல்லாம் பிரமாதமாக இருந்தது, ஒருத்தர்கூட வேனில் ஏறவில்லை.

அக்கா முதல் கூட்டத்திலேயே, "ஒரே ஒரு நோயாளி. ஒரே ஒரு வேன். அவரை அந்த வேன் கூட்டிட்டுப் போகணும். முதல்ல அவ்வளவுதான்," என்றார்.

"ஒரு ஆளுக்கு ஒரு சாஃப்ட்வேரா?" என்றார் முழுசு. "அதுக்கு ஒரு டாக்சி பிடிச்சு விட்டுரலாமே."

"டாக்சி பிடிச்சா அவரு மட்டும் போவாரு சார். இதுல அவரு போய்ட்டா, அதே வழியில மத்தவங்களும் போகலாம். யாரு அந்த ஒருத்தருன்னு மட்டும் சொல்லுங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வாயைத் திறந்து, "எங்க மாமனாரே இருக்காரு," என்றேன்.

மாமா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். விசில் ஊதியே மைதானத்தை ஆண்டவர். மாமி போன பிறகு எங்களோடு வந்துவிட்டார், ஆனால் வந்த நாளிலிருந்து விருந்தாளி மாதிரிதான் இருந்தார். மகளிடம்கூட ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க மாட்டார், எழுந்து போய்த் தானே எடுப்பார். அப்படிப்பட்டவரை வாரத்துக்கு மூன்று நாள் மருமகன் காரில் ஏற்றி, இறக்கி, காத்திருந்து கூட்டி வர வேண்டுமென்றால் எப்படி இருக்கும்? ஒருநாள் தலைவலி என்பார். ஒருநாள், "இன்னைக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு மாப்ள, எதுக்கு வீணா," என்பார். எனக்கு அவசர வேலை இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டால் அன்றைக்கு நிச்சயம் போக மாட்டார். கால் வீங்கி, செருப்பு நுழையாமல் ஆனது. "இப்படி விட்டுவிட்டுப் பண்ணினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அப்புறம் என் கையில இல்ல," என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தன்னந்தனியாகப் போய் வர ஒரு வழி கிடைத்தால் மாமா போவார், கிடைக்காவிட்டால் போக மாட்டார். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அது அவர் உயிர்.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு கார்டை எடுத்து, 'ஒருவர், யாரையும் கேட்காமல், ஆஸ்பத்திரி போய் வருகிறார்' என்று எழுதி என்னிடம் காட்டினார். "இதானே?" என்றார். இதுதான் என்றேன்.

ஆனால் அந்தக் கார்டு ஸ்பிரிண்டுக்குள் அடங்கவில்லை. போவது சுலபம், காலையில் இத்தனை மணிக்கு என்று தெரியும். வருவது அப்படியில்லை. மெஷின் வேலை எப்போது முடியும், முடிந்ததும் எழுந்து நிற்கத் தெம்பு இருக்குமா, நர்ஸ் எப்போது விடுவார், ஒன்றும் நிச்சயமில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகிகள் பார்க்க வரும் தேதியை முழுசு ஏற்கெனவே கொடுத்துவிட்டார். அக்கா கார்டை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை இரண்டாக்கினார். 'நோயாளி போகிறார்' இந்த ஸ்பிரிண்டில். 'நோயாளி திரும்புகிறார்' அடுத்ததில். அதுவரை திரும்புவதற்குப் பழைய மாதிரி ஆஸ்பத்திரி போன் போட்டு வேன் கூப்பிடட்டும் என்று கணக்கு. யானைக்கும் அடி சறுக்கும். எங்கள் அத்தனை பேர் கண்ணுக்கும் நேரே, ஒன்றின் கீழ் ஒன்றாக அந்த இரண்டு கார்டுகளும் தொங்கின. வெட்டி வெட்டிப் பழகிய கண்ணுக்கு அது நேர்த்தியாகத்தான் பட்டது.

காட்டும் நாள் வந்தது. காலையில் மாமா இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, செல்போனில் நாங்கள் வைத்துக் கொடுத்த பச்சைப் பட்டனை அமுக்கினார். வேன் வாசலுக்கு வந்தது. என்னைத் திரும்பியே பார்க்காமல் ஏறிக்கொண்டார். ஆபீஸ் திரையில் ஒரு புள்ளி எங்கள் தெருவிலிருந்து கிளம்பி, பாலம் ஏறி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. நிர்வாகிகள் கை தட்டினார்கள். முழுசு கேக் வெட்டினார். 'நோயாளி போகிறார்' கார்டை அக்காவே எடுத்து 'முடிந்தது' வரிசையில் ஒட்டினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் என் மனைவி போன் செய்தாள். "அப்பா இன்னும் வரலையே. உங்க வண்டி எங்க?"

நான் அந்தக் கேள்வியை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். அக்கா மெதுவாகச் சுவர் பக்கம் திரும்பினார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. 'நோயாளி திரும்புகிறார்' கார்டைப் பிய்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "வா," என்றார்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண், புது ஏற்பாட்டில் வந்தவர் புது ஏற்பாட்டிலேயே போவார் என்று நினைத்து வேனுக்குப் போன் செய்யவில்லை. நாங்கள் அவள் செய்வாள் என்று இருந்தோம். மாமா யாரையும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதானே இந்த ஏற்பாடே. வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக, மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலைக்குப் பிறகு சாப்பிட்டிருக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்தார்.

"நீங்க எதுக்கு மாப்ள வேலைய விட்டுட்டு வந்தீங்க? வண்டி வரும்ல."

அக்காவின் காரில் மூவரும் வீடு வந்தோம். வீட்டில் மகள் தட்டை வைத்தபோது, "இனிமே நான் அங்க போகல. யாரும் வற்புறுத்தாதீங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. மாமாவுக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து கார்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஐயா, தப்பு என்னுது. நீங்க போறதை ஒரு துண்டாவும், வர்றதை ஒரு துண்டாவும் வெட்டிட்டேன்."

மாமா கார்டைப் படித்தார். "ஏம்மா, போனவன் வீட்டுக்கு வரணும்னு தோணவே இல்லையா?"

"தோணுச்சு. அடுத்த ரெண்டு வாரத்துல வரட்டும்னு நினைச்சுட்டேன்."

அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மாமி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அதுவரைக்கும் அந்த நாற்காலியிலேயே இருன்னு சொல்றீங்க."

"இல்ல. இந்தக் கார்டு முடியற வரைக்கும் திரும்பி வர்ற வண்டி நான்தான். உங்க போன்ல இன்னொரு பட்டன் வச்சுத் தர்றேன். முடிஞ்சதும் அதை அமுக்குங்க, நான் வந்து நிப்பேன்."

"நீங்க எதுக்கும்மா வேலைய விட்டுட்டு..."

"இதுதாங்க என் வேலை. நீங்க யாரையும் கேக்க வேண்டாம். பட்டனை அமுக்கினா வண்டி வரும். எந்த வண்டி, யாரு ஓட்டுறாங்கன்னு உங்களுக்கு எதுக்கு?"

மாமாவுக்கு ஆளைக் கேட்பது வேறு, பட்டனை அமுக்குவது வேறு. அந்த வித்தியாசத்தில்தான் அவருடைய மானம் இருந்தது. அது அக்காவுக்குப் புரிந்திருந்தது, இத்தனை நாள் கூடவே இருந்த எனக்குப் புரிந்திருக்கவில்லை. "சரி, நாளன்னைக்குப் பாக்கலாம்," என்றார் மாமா.

அடுத்த ஸ்பிரிண்ட் முழுக்க, பட்டன் அமுக்கப்பட்டதும் அக்காவின் போன் கூவும். கூட்டம் நடந்துகொண்டிருந்தாலும் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். "நீங்க டீம் லீடரா, டிரைவரா?" என்று முழுசு பல்லைக் கடித்தார். "ஏத்திட்டுப் போனவரை இறக்கி விடுற வரைக்கும் டிரைவர் சார்," என்பார். வீட்டு வாசலில் மாமா இறங்கியதும் அக்கா தன் போனில் ஒரு பட்டனைத் தொடுவார். அவருக்கே ஒரு செய்தி வரும்: 'வீடு சேர்ந்தார்.' அது சோதனைக்காக அவரே வைத்தது.

அந்தப் பயணங்களில்தான் அக்கா அந்தக் கார்டை எழுதக் கற்றுக்கொண்டார். சிகிச்சை முடிந்ததும் தலை சுற்றும், உடனே ஏற முடியாது. பின் சீட்டில் குலுக்கல் தாங்காது. வாசல் வரை நடக்க ஒரு பிடிமானம் வேண்டும், ஆனால் பிடித்துக்கொள்ளச் சொல்லக் கூடாது, கையைப் பக்கத்தில் வைத்திருந்தால் அவரே பிடித்துக்கொள்வார். கடைசி விஷயத்தைக் கார்டில் எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வேன் டிரைவர்களை வரவழைத்து நேரில் நடந்து காட்டினார்.

இரண்டாவது முறை காட்டும்போது திரையில் புள்ளி போனது, காத்திருந்தது, திரும்பி வந்தது. அக்கா இரண்டு கார்டுகளையும் எடுத்து ஸ்டேப்ளர் போட்டு ஒன்றாக்கினார். அதற்கப்புறம் அந்த சாஃப்ட்வேரில், திரும்புவதைப் பதியாமல் போவதைப் பதியவே முடியாது. பயணி வீடு சேராமல் டிரைவர் தன் வேலை நாளை முடிக்கவும் முடியாது. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் இன்னும் சில பேர், இன்னொரு வேன் என்று சேர்ந்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற அத்தனை பேரும் அதில் வந்துவிட்டார்கள். முழுசுக்கு முழுசாகக் கிடைத்தது. எல்லாம் தன் யோசனை என்று மேலிடத்தில் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. மாமா வீடு சேர்ந்ததும் அக்காவின் போனுக்குப் போகிற அந்தச் செய்தி. சோதனைக்கு வைத்ததை எடுக்காமல் விடுவது எங்கள் தொழிலில் பிழை. நான் எழுதிக் கொடுத்தேன். அக்கா, 'இது பிழை இல்லை' என்று திருப்பி அனுப்பினார். மறுபடி எழுதினேன், மறுபடி திருப்பினார். நொட்டைக்கே நொட்டை சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

சில வருஷங்களில் நிறுவனம் கைமாறியது. எங்களை ஆளுக்கொரு பக்கம் பிரித்தார்கள். டயர் கடை மாடியில் இப்போது உடற்பயிற்சிக்கூடம் நடக்கிறது, கார்டு இருந்த சுவரில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அக்கா தன் அம்மாவுக்குத் துணையாக வேறு ஊருக்குப் போய், அங்கே ஒரு வேலை தேடிக்கொண்டார். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் இருந்தேன். மாமா வாரத்துக்கு மூன்று நாள் போனார், வந்தார். பேத்தியின் ஓட்டப்பந்தயத்துக்கு விசில் ஊதினார். தண்ணீர் மட்டும் கடைசிவரை தானே எடுத்துத்தான் குடித்தார்.

இந்த வருஷம் அவர் உடம்பு மெஷினையும் தாங்கவில்லை. ஒருநாள் டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனி இது வேண்டாம், வீட்டில் நிம்மதியாக இருங்கள் என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்குப் போன் செய்கிறேன் என்றதற்கு மாமா வேண்டாம் என்றாராம். அவரே பட்டனை அமுக்கினார். வேன் வந்தது. சாயங்காலம் வாசலில் சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தபோது, டிரைவர் தன் கையைச் சும்மா பக்கத்தில் வைத்திருந்தார், மாமா அதைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். "அவ்வளவுதான் மாப்ள. இனிமே போற வேலை இல்ல," என்றார். அதே வாரம், தன் கட்டிலில், மகள் பக்கத்தில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்.

வந்தவர்களெல்லாம் கிளம்பி வீடு வெறிச்சென்று ஆன பிறகு அக்காவிடமிருந்து போன் வந்தது. நான் யாருக்கெல்லாமோ சொல்லியிருந்தேன், அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நொட்டை, எனக்கு மெசேஜ் வரல," என்றார்.

"மாமா போயிட்டாருக்கா."

எதிர்முனையில் எங்கோ தூரத்தில் குழாய் ஓடுவது மட்டும் கேட்டது.

"எங்க வச்சு?"

"வீட்லதான்க்கா. கடைசியா போன அன்னைக்கும் அவரே பட்டனை அமுக்கித்தான் வந்தாரு."

"தெரியும். வந்துச்சு. வீடு சேர்ந்தார்னு வந்துச்சு." அதற்கு மேல் அவரால் முடியவில்லை, அழுதார். நானும் அழுதேன். எதிரில் இருந்த என் மனைவி யார் என்று கேட்கவில்லை.

கொஞ்சம் ஆறியதும், என்ன பேசுவதென்று தெரியாமல், "அந்த நம்பரை இப்பவாவது எடுத்துடட்டுமா?" என்றேன்.

"எடுக்காத. இப்பவும் யாராவது போய்ட்டு வந்துட்டுத்தானே இருப்பாங்க? அதுல ஒருத்தருக்கு மாத்தி வை. பேர் எதுவும் எனக்கு வேண்டாம். வந்துட்டாங்கன்னு தெரிஞ்சா போதும்."

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் வேலையாக அதை மாற்றினேன். யாருக்கு என்று நானும் பார்க்கவில்லை, பட்டியலில் கை பட்ட இடத்தில் வைத்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் அக்காவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "வந்துட்டாங்க."